கிட்டங்கி வீட்டுப் பருத்தி

முப்பத்தொரு வருடம் கலவன் பிடுங்கியவள் நான். யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். விதைக்காக வளர்க்கிற வயலில் வேறு ரகத்துச் செடி ஒன்று ஊடே முளைத்து நின்றால் அதற்குக் கலவன் என்று பெயர். அதைக் கண்டுபிடித்து, வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோவதுதான் என் வேலை. கோவில்பட்டிப் பக்கத்து விதைப் பண்ணை ஒன்றில் கூலிக்காரியாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, முட்டி தேய்ந்து, மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம் பண்ணையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் எங்களைப் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிட்டு டீயும் வடையும் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதுமாம். ரகம் சுத்தமா இல்லையா என்று காகிதத்தில் அச்சடித்து வந்துவிடுகிறதாம். "வெறும் கண்ணால எப்படிக்கா பாத்தீங்க? தப்பே வந்ததில்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள். "வந்ததில்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மிச்ச வடையைக்கூடத் தின்னாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியை யோசித்தேன். பண்ணையில் தப்பு வந்ததில்லை, அது சத்தியம். பண்ணைக்கு வெளியே ஒன்று நடந்தது. அது தப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. தப்பில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எழுதினால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான் பக்கம். அப்பா ஆடு மேய்த்தவர். நாலு பேர் மந்தை ஒன்றாகக் கலந்து நின்றாலும், முகத்தைப் பார்த்தே இது யார் வீட்டு ஆடு என்று பிரித்துவிடுவார். எனக்கும் அந்தக் கண். பண்ணையில் களையெடுக்கப் போன முதல் மாதம் சோளத்துக்குள் நின்ற ஒரு தட்டையைப் பிடுங்கிப் போட்டேன். மேலாளர் ஓடி வந்தார். "ஏன் பிடுங்குன?" என்று அதட்டினார். "இது இந்தக் கூட்டத்து முகமில்ல சார்" என்றேன். தட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மறுநாளே என்னைக் களையெடுப்பிலிருந்து மாற்றிவிட்டார். அவ்வளவுதான் நான் பெற்ற பயிற்சி.

மற்றதெல்லாம் முறை. காலை வெயிலில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லா இலையும் ஒரே நிறமாகத் தெரியும். ஒரு நடைக்கு இரண்டு வரிசைதான், அதற்குமேல் கண்ணை ஓட விடக் கூடாது. பூக்கும் முன் ஒரு சுற்று, பூக்கும்போது ஒரு சுற்று, காய் பிடித்தபின் ஒரு சுற்று. ஒடிக்கக் கூடாது, ஒடித்தால் அடியில் தளிர்த்துவிடும். பிடுங்கியதை வரப்பிலும் போடக் கூடாது. எது கூட்டமாக நிற்கிறதோ அது ரகம், எது தனித்துத் தெரிகிறதோ அது கலவன். சந்தேகம் வந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதே, பிடுங்கு. இந்தக் கடைசி விதியை மேலாளர் தினமும் சொல்வார். நானும் எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு அதையே சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் கிட்டங்கி வீட்டுத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். எட்டயபுரத்திலிருந்து எங்கள் ஊருக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது அந்த வீடு. ஒரு காலத்தில் பெரிய பருத்தி வியாபாரிகள். பஞ்சுப் பொதி அடுக்குகிற கிட்டங்கி வீட்டை ஒட்டியே இருந்ததால் ஊரில் அந்தப் பெயர். குடும்பம் பிரிந்து ஆளுக்கொரு திசையாகப் போனபின் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு ஊர்க்காரர்கள் சிலர் குடும்பத்தாரிடம் கேட்டுச் சாவியை வாங்கி, வௌவாலை விரட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பின்கட்டுத் தோட்டத்தில் அந்த வீட்டில் அந்தக் காலத்தில் என்னென்ன நின்றதோ அதை மட்டும்தான் வளர்ப்பது என்று முடிவு. கரிசலுக்கு நடுவே வண்டி வண்டியாகச் செவல் மண் கொட்டி அவர்கள் கட்டிய பூப்பாத்திகள் அப்படியே இருந்தன. பன்னீர் ரோஜா, நாட்டுச் செவ்வந்தி, முள்ளுக் கத்தரி, குடுக்கைச் சுரை என்று ஒவ்வொன்றாக விதை தேடி ஊன்றினார்கள்.

கூலி கிடையாது. ஒரு தையல்காரர், இரண்டு டீச்சர்மார், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற மூன்று பெண்கள், அப்புறம் நான். ஆறு நாள் செடியோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாளும் செடியிடமே போகிறேனே, எனக்குக் கிறுக்கா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தோட்டத்துக்குப் பொறுப்பு பொன்னுச்சாமி சார். மணியாச்சியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதைச் சொல்லவும் வெட்கப்பட மாட்டார். ஆனால் வேலையை ஒழுங்குபடுத்தத் தெரியும். அவர் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் செவ்வந்திக்குத் தண்ணீர் ஊற்றி அத்தனையும் அழுகிப் போயிருந்தது. சார் அதைக் கேட்டுவிட்டு, "ஒத்த லைன்ல மூணு வண்டிய விட்டா இப்படித்தான்" என்றாராம். அடுத்த வாரமே டோக்கன் முறை வந்துவிட்டது.

ஒற்றைத் தண்டவாளத்தில் போகிற ரயிலுக்கு டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். டோக்கன் ஒன்றுதான், அதனால் வண்டியும் ஒன்றுதான். அதையே இங்கே கொண்டுவந்தார். பிரம்பை வளைத்துப் பெரிய வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் பாத்தி எண் எழுதிய மரக்கட்டை. பாத்திக்கு ஒரு வளையம். கிட்டங்கிச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருப்பார். நாம் போய் எந்தப் பாத்தி, என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பேரேட்டில் மணி நிமிடம் போட்டு எழுதுவார். வளையத்தை எடுத்து நம் தோளில் மாட்டிவிட்டு, "லைன் கிளியர். போங்க" என்பார். வேலை முடிகிற வரை அது தோளில்தான் கிடக்க வேண்டும். கத்தரிக்காய் பறிக்கிறவள் தோளில் வளையத்தைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார் அசையவில்லை. பத்து நிமிடம் பிந்தி வந்தால் பெயருக்கு நேரே 'லேட் 10' என்று எழுதுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிடிக்காதது நடந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அதைவிடத் திட்டு வாங்குவது தேவலை என்று இருக்கும்.

மழை பெய்ததும் பாத்திகளுக்கு இடையில், பாகற்காய் மாதிரிச் சின்னக் காய் காய்க்கிற அதலைக் கொடி தானாக முளைத்துப் படரும். யாரும் விதைக்காதது, எந்தப் பாத்திக்கும் சொந்தமில்லாதது. அதைப் பறிக்க எந்த டோக்கனைக் கொடுப்பது என்று தெரியாமல் சார் அதன் முன்னால் நின்று தவிப்பதைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் டீச்சர்மார் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை சீனியம்மாள் வந்து இறங்கினார். அந்த வீட்டு மருமகள், கடைசியாக அந்த வீட்டில் குடியிருந்தவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எட்டயபுரத்தில் மகன் வீட்டில் இருந்தார். ஒயர் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, நீதான் விதைப் பண்ணைக்காரியா?"

"ஆமாம்மா. பேச்சியம்மா."

"பருத்தி தெரியுமா?"

"அதுலதான் என் பாதி ஆயுசு போச்சு."

"தெரியும்னு சொன்னாப் போதும்" என்று என் வாயை அடைத்துவிட்டு, கூடைக்குள்ளிருந்து ஒரு சுரைக்குடுக்கையை எடுத்தார். வாயைத் துணியால் அடைத்திருந்தது. உள்ளே சாம்பல் புரட்டிய பருத்திக்கொட்டை, ஒரு கை நிறைய இருக்கும்.

"இந்த வீட்டுப் பருத்தி. மகன் வீட்டுக் கொல்லையில வருசம் தவறாம ஊனிக்கிட்டு வந்தேன். போன வருசம் மழை பொய்ச்சிட்டு, நின்னது நாலஞ்சு செடிதான். இப்ப அவன் கொல்லையில சிமெண்டு போட்டுட்டான். எனக்கும் குனிய முடியல. இம்புட்டுத்தான் மிச்சம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எங்க மாமியா சாகையில எங்கையப் பிடிச்சு வாங்குன வாக்கு. எங்காலத்துல இது நின்னு போச்சுன்னா, நான் மேல போயி அவ மூஞ்சில எப்படி முழிக்க?"

என் கண்ணுக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. பண்ணையில் ஒரு பாத்தி போனால் இன்னொரு பாத்தி இருக்கும். இங்கே இந்தக் குடுக்கைதான் எல்லாம். "ஒரு செடி பிசகாம வளத்துத் தாரேன்ம்மா. நீங்க நிம்மதியாப் போங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் பஸ் ஏறினார்.

கரிசலிலேயே பாத்தி கட்டி, முதல் மழை ஈரத்தில் குழிக்கு இரண்டாக ஊன்றினேன். பழைய கொட்டை, பாதிகூட முளைக்காது என்று பயந்து மொத்தத்தையும் போட்டுவிட்டேன். விதைப் பண்ணைக்காரி, கையில் ஒரு பிடி ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவே இல்லை.

நாற்பத்து மூன்று செடி நின்றது. ஒரு மாதத்தில் இலை முகம் காட்டியது. பெரும்பாலான செடிகளின் இலை விரல் விரலாக, கோழிக்கால் மாதிரிப் பிரிந்திருந்தது. கருங்கண்ணி என்று இந்தப் பக்கம் சொல்கிற நாட்டுப் பருத்தியின் சாயல். பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் ஊடே சிலதின் இலை அகலமாக, பிளவு ஆழமில்லாமல் இருந்தது. எங்கள் பண்ணையில் நான் பார்க்காத இலை. கூட்டத்தில் சேராத முகம். நாலஞ்சு செடியில் எடுத்த விதை, பக்கத்துக் கொல்லையிலிருந்து எதுவோ கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, முடிவே செய்துவிட்டேன்.

முதல் சுற்றில் ஒன்பது பிடுங்கினேன். பூக்கும்போது நாலு. அவற்றின் பூ மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. பேரேட்டில் எழுதும்போது சார் பேனாவை நிறுத்தினார்.

"என்ன பிடுங்குதீங்க பேச்சியம்மா? சீக்கா?"

"சீக்கில்ல சார். கலவன்."

"அதுவும் அந்த அம்மா குடுத்த குடுக்கையில இருந்துதான வந்துது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முளைப்பாரிக்கும் நாற்றுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே! "சார், ரயிலப் பத்தி நான் ஏதாவது பேசுதேனா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு 'கலவன்' என்று எழுதி வளையத்தைத் தோளில் மாட்டிவிட்டார். "லைன் கிளியர்" என்றார். அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்று எத்தனையோ நாள் அவர்மேல் எரிச்சல் பட்டிருக்கிறேன். என்ன அநியாயம் பாருங்கள், வாயை அடைத்தவளே நான்தான்.

காய் பிடித்தபின் மூன்றாவது சுற்று. கிணற்று ஓரத்து மூலையில் ஒரே ஒரு செடி. இலை விரல் மாதிரியும் இல்லை, அகலமாகவும் இல்லை. ரெண்டுங்கெட்டான். காயும் அப்படித்தான். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். நல்ல செடி, பூச்சி அண்டாமல் தெம்பாக நின்றது. பிறகு விதியை நினைத்துக்கொண்டு பிடுங்கினேன். மூன்று சுற்றிலும் பிடுங்கியதை எல்லாம் வழியில் போன வெள்ளாட்டு மந்தைக்குப் போட்டேன். மேய்த்தவர் எனக்குச் சித்தப்பா முறை. சந்தோஷமாக வாங்கிப் போட்டார்.

இருபத்தொன்பது செடி ஒரே முகமாக நின்றது. சார் வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பாத்தியைக் காட்டி என் பெயரைச் சொன்னார். முப்பது வருடத்தில் பண்ணையில் ஒரு அதிகாரிகூட என் பெயரைச் சொல்லி எதையும் காட்டியதில்லை. நான் குளிர்ந்து போனதில் என்ன ஆச்சரியம்?

சீனியம்மாளுக்குக் கால் வீங்கி, ஆறு மாதம் வர முடியவில்லை. பங்குனியில் காய் வெடித்துப் பாத்தி வெள்ளை வெளேரென்று இருந்தபோது கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். வாசலில் சார் மெதுவாக, "அம்மா, டோக்கன் எடுக்காம…" என்று இழுத்தார்.

"என்னவே டோக்கன்? நான் வாழ வந்த வீட்டுக்குள்ள போகதுக்கு உம்மகிட்ட டிக்கெட் எடுக்கணுமா?"

சார் பருத்திப் பாத்தி வளையத்தை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தார். நானும் பின்னால் போனேன், பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி.

சீனியம்மாள் ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சை இழுத்தார், லேசாக வந்தது. "நல்லா வெடிச்சிருக்கு" என்றார். எனக்குப் பூரித்துப் போயிற்று. பாத்தியின் ஓரமாகவே கடைசி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி ஒருமுறை, இப்போது ஒவ்வொரு செடியாகக் கம்பால் இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

"மத்தது எங்கன தாயி?"

"எது அம்மா?"

"அகல இலை. காய் பாதிதான் வெடிக்கும். பஞ்ச எடுக்கதுக்குள்ள நகம் போயிரும்."

"ஓ, அதுவா? அது கலவன்ம்மா. பிடுங்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம." பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

உட்கார இடம் தேடினார். சார் ஓடிப்போய் முக்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து, கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு கேட்டார். "பிடுங்குனத எங்க போட்ட?"

"ஆட்டுக்குப் போட்டேன்ம்மா."

"தின்னுட்டா?"

"தின்னுட்டு."

"அதுதாம்ட்டி இந்த வீட்டுப் பருத்தி" என்றார்.

கூட்டமாக நின்றதுதானே ரகம்? தனித்துத் தெரிந்ததுதானே கலவன்? "அப்ப இது என்னம்மா?" என்று இருபத்தொன்பது செடியையும் கையால் காட்டினேன்.

"இது நான் கொண்டாந்தது. எங்க அம்மா வீட்டு விதை. கல்யாணம் முடிஞ்சு வரும்போது ஒரு பிடி முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தேன். இங்க ஊனுனேன். எங்க மாமியாளுக்கு ஆகல. அவ பாத்தியில எஞ்செடி நிக்கக் கூடாதாம். ஒவ்வொரு வருசமும் இலை தெரிஞ்சதும் வருவா. பாத்துப் பாத்து எஞ்செடிய மட்டும் பிடுங்குவா. உங்கண்ணு மாதிரிதான் அவளுக்கும். அவ கோயிலுக்குப் போற நேரம் பாத்து நான் மறுபடி ஊனுவேன். அவ பிடுங்க, நான் ஊன. இருபது வருசம்ட்டி."

சார் வளையத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"சாகையில எங்கையப் பிடிச்சா. 'எஞ்செடிய விட்டுறாத'ன்னு சொன்னா. நான் ஊனுன செடியப் பத்தி ஒரு வார்த்த பேசலியே, பாத்துக்கோ! ஆத்திரந்தான் வந்துது. ஆனா வாக்குக் குடுத்துட்டேன்லா? அவ போன மறு வருசம் ரெண்டையும் ஒண்ணா ஊனுனேன். பிடுங்க ஆளில்ல. எஞ்செடி தானா மளமளன்னு வந்துது, அவளது நோஞ்சான். அவளதுக்குத்தான் நான் தண்ணி சொமந்து ஊத்துனேன். நாப்பது வருசம்."

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா. குடுக்கையில ரெண்டு இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" என்று தொடங்கினேன். அழுகை வந்துவிட்டது. சொல்லாதது அவர் குற்றமா, கேட்காதது என் குற்றமா? அவரைப் பொறுத்தவரை அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. அடுப்பில் நெருப்பு இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வையப் போகிறார், மண்ணை வாரித் தூற்றப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி பேச்சி, அவ உசுரோட இருக்கையில நீ வந்து பிடுங்கியிருந்தேன்னா உனக்குப் பட்டுச்சேல எடுத்துக் குடுத்திருப்பேன். இப்பப் போயி பிடுங்கிட்டியே."

சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. கூடச் சிரிப்பதா, காலில் விழுவதா என்றும் தெரியவில்லை. சார்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சாரும் சீனியம்மாளும் இல்லை. அந்தப் பருத்தி இருக்கிறது, வருடா வருடம் விதைக்கிறார்கள். அந்த அகல இலை திரும்ப எங்காவது கிடைக்குமா என்று நான் ஓய்வு பெற்றபின் பல ஊர்க் கொல்லைகளில் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. மேலாளர் சொன்ன விதி தப்பா? அது பண்ணையில் ஆயிரம் தடவை சரியாக இருந்ததே. மூலையில் நின்ற அந்த ரெண்டுங்கெட்டான், மாமியார் செடியும் மருமகள் செடியும் அத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில் பிறந்ததோ என்று பிறகுதான் தோன்றியது. அதையாவது விட்டிருக்கலாம். என் கண் சரியாகத்தான் பார்த்தது. அப்படியானால் எது பிசகியது? அந்தப் பிள்ளைகளின் ஆய்வகக் காகிதத்தில் இதற்கு ஏதாவது பதில் வருமா, கேட்க வேண்டும்.

அன்றைக்கு இன்னொன்று நடந்தது. செடி பூத்துக் காய்த்தபின்தான் பாத்திக்குத் தகரப் பலகை எழுதி வைப்பது சாரின் வழக்கம். பருத்திப் பாத்திக்கு இன்னும் எழுதியிருக்கவில்லை. சீனியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, சார் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "அம்மா, இதுக்கு என்ன பேரு போடட்டும்?"

நான் முந்திக்கொண்டு, "அம்மா பேரப் போடுங்க சார். இது அம்மா செடில்லா" என்றேன். இருக்கிறதையாவது சரியான பெயரில் வைப்போமே என்று ஒரு ஆசை.

"நீ பேசாம இரு" என்றார் சீனியம்மாள். சாரிடம் திரும்பினார். "அவ பேர எழுதும்."

"அவிய பேரு என்ன?"

சீனியம்மாள் கொஞ்சம் தயங்கினார். மாமியார் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சண்முகத்தாய்" என்றார் மெதுவாக.

எனக்குப் பொறுக்கவில்லை. விதைப் பையில் சீட்டு மாற்றிக் கட்டினவனை எங்கள் பண்ணையில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தெரிந்தே ஒரு செடிக்குப் பொய்ப் பெயர் வைக்கிற இடத்தில் நான் நின்றதே இல்லை. "இது அவிய செடி இல்லையேம்மா! எப்படி எழுத?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எஞ்செடிக்கு அவ பேரு. கோவம் வரும்லா அவளுக்கு? வரட்டும். பொறுக்கலன்னா வந்து பிடுங்கிப் போடட்டும்."

சார் உட்கார்ந்து எழுதினார். பங்குனி வெயிலில் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிட்டது. பலகையைக் கம்பில் அடித்து, பாத்தியின் தலைமாட்டில் ஊன்ற வேண்டும். நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன், சார் சுத்தியலை ஓங்கினார். முதல் அடியிலேயே பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நேராப் பிடிட்டி" என்றார் சீனியம்மாள். "கோணலா நின்னா அவளுக்குப் பிடிக்காது."